முதுகு தெரியும் காட்சி

இளம்பிள்ளை
11 மார்ச் 2025

உஷா அம்மிணிக்கு,

ஜீவானந்தம் எழுதுகிறேன். கிட்டார் ஜீவா. உறையின் பின்பக்கம் பெயரைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு.

இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிறான், ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. பெங்களூரில் ஒரு கம்பெனி என் கச்சேரிகளை வெளியிடப் போகிறது. ஆறு இசைத்தட்டு, இரண்டு படம். எல்லாமே மேடையில் வாசித்தபோது பிடித்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒட்டுப்போட்ட சமாச்சாரம் ஒன்றுகூடக் கிடையாது. ப்ளூஸ் ராக் வாசிக்கிறவன் மேடையில்தான் வாசிக்க வேண்டும் என்று நான் அந்தக் காலத்தில் எல்லோரிடமும் வம்பு செய்தேனே, அதற்கு இப்போதுதான் பலன். முதலில் வரப்போவது நீ எடுத்த அயோத்தியாப்பட்டணம் மண்டபக் கச்சேரிப் படம். அதில் ‘ஓமலூர் ஜங்ஷன்’ பாட்டின் கிட்டார் சோலோவை மட்டும் யூடியூபில் லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்களாம். மூல டேப் உன்னிடம்தான் இருக்கிறது. பிரீத்தி என்று ஒரு பெண் கம்பெனியிலிருந்து உன்னைப் பார்க்க வருவாள். கொடுத்துவிடு.

போன் பண்ணியிருக்கலாம். காது போய்விட்டது. வலது பக்கம் முழுக்க, இடது பக்கம் முக்கால். சேலத்து டாக்டர் கேட்டார், “தறிச் சத்தமுங்களா, கிட்டார் சத்தமுங்களா?” என்று. “பொறந்தது தறிக்குப் பக்கத்துல, வளந்தது ஸ்பீக்கருக்குப் பக்கத்துல, நீங்களே பாத்துப் போட்டுக்குங்க சார்” என்றேன். மெஷின் வைத்தால் ஆள் பேசுவது ஏதோ தெரிகிறது. இசை மட்டும் தகர டப்பாவில் ஆணியைப் போட்டு உருட்டுகிற மாதிரி. வாட்ஸ்அப்பில் எழுதலாம். அதில் எழுதினால் நான் ஒரு நிமிஷத்தில் சண்டைக்காரன் ஆகிவிடுகிறேன். காகிதம் என்றால் தபால் பெட்டிவரை நடக்க வேண்டும். பாதிக் கோபம் வழியிலேயே போய்விடும்.

ஆறு தட்டிலும் என்ன போடுகிறார்கள் என்று என்னால் கேட்டுச் சொல்ல முடியாது. நீதான் கேட்டுப் பார்க்க வேண்டும். நீ யாரையும் நம்பாதவள். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

ஏற்காட்டில் மைக்கில் உன்னைச் சொன்னதை மறந்துவிடு என்று சொல்லமாட்டேன். அதுவும் டேப்பில் பதிவாகியிருக்கிறதாம். சேர்த்துக்கொள்ளலாமா என்று பிரீத்தி கேட்கிறாள்.

ஜீவா


சேலம் 16
24 மார்ச் 2025

திரு. ஜீவானந்தம் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. காது விஷயம் அறிந்து வருந்துகிறேன்.

ஏற்காட்டுப் பேச்சைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. “இந்தக் கூட்டத்துல ஒரு காலேஜ் டீச்சர் உக்காந்திருக்குது. பாட்டுக் கேக்க வரலீங்க, பரீட்சை பேப்பர் திருத்த வந்திருக்குது.” பின்னால் நானூறு பேர் சிரிக்கிறார்கள். ஒலிப்பதிவு மிகத் தெளிவாக உள்ளது.

உங்கள் பதினான்கு கச்சேரிகளின் டேப்புகள் என்னிடம் உள்ளன. எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பழைய பிளேயர் ஒன்றைச் சரி செய்து எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டேன். பதின்மூன்றைப் பிரீத்தியிடம் கொடுத்துவிட்டேன். மண்டப டேப்பைக் கொடுக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தக் கச்சேரிக்கு, அம்மாப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ராசுவிடம் கேமராவை இரவல் வாங்கினேன். படத்தொகுப்பும், அவர் சொல்லும் மிக்ஸிங்கும், அவர் கடையில்தான். ‘ஓமலூர் ஜங்ஷன்’ வந்தபோது அவர் ஓட்டத்தை நிறுத்தினார்.

“ஏம்மா, ரெண்டே முக்கா நிமிசம் முதுகைக் காட்டிட்டே நிக்கறாரு. மாப்பிள்ளை இப்பிடி நின்னா பொண்ணு ஊட்டுக்காரங்க கேசட்டை மூஞ்சியில வீசிருவாங்க.”

“அவர் அப்படித்தாங்க. ஸ்பீக்கரைப் பார்த்துத் திரும்பி நின்னு வாசிச்சா சத்தம் நீளமா நிக்கும்.”

“நிக்கட்டும். கை வேணுமில்ல? தாலி கட்டற கை சரியா விழுகலைன்னா வேற கல்யாணத்துக் கையை எடுத்து வெச்சிருவோம். எல்லாம் பட்டு வேட்டிதான், யாரு பாக்கறா?”

நான்காவது பாட்டில் உங்கள் விரல்களை அருகில் எடுத்திருந்தேன். அதை வெட்டி இங்கே வைத்தோம். பாட்டு உங்களுடையது, கையும் உங்களுடையது, இடம் மட்டும்தான் மாறுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது.

கடையிலிருந்த சின்ன டிவியில் இருட்டான முதுகு மட்டுமே தெரிந்தது. இப்போது பெரிய திரையில் மூல டேப்பைப் பார்த்தேன். சோலோ தொடங்கி இருபத்திரண்டாவது நொடியில் நீங்கள் ஒரு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றுகிறீர்கள். கிட்டார் தோளில் தொங்குகிறது. இரண்டு கைகளும் தெரிகின்றன. சோலோ நிற்கவில்லை.

வாசித்தது யார்? பதில் வராமல் டேப்பைத் தருவதாக இல்லை.

உஷாராணி


இளம்பிள்ளை
29 மார்ச் 2025

உஷா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வழியில் கோபம் ஆறிவிடக் கூடாது.

வாசித்தது நான்தான். இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு மேடையிலும் வாசிக்கிறேன். கொல்கத்தாவில் வாசித்தேன், ஷில்லாங்கில் வாசித்தேன். காது போன பிறகும் விரலை நம்பி இரண்டு மேடையில் வாசித்தேன், ஒருத்தனும் குறை சொல்லவில்லை. புனேயில் இருக்கிற பையன்கள் உன் படத்தில் என் விரலைப் பார்த்துப் பழகுகிறார்கள். விரல் இருக்கிற இடமும் வருகிற சத்தமும் பொருந்தவில்லை, ஜீவானந்தம் கம்பிகளை ஏதோ ரகசிய ட்யூனிங்கில் வைத்திருக்கிறார் என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறான்கள். பேட்டியில் கேட்டால், “அது மட்டும் சொல்ல மாட்டேன் தம்பி” என்று சிரிப்பேன். இப்போது நீ வந்து, அது தாலி கட்டுகிற கை என்கிறாய்.

இருட்டில் எடுத்த பழைய டேப். அதில் டார்ச்சா, பல்லா, பலகையா, யாருக்குத் தெரியும்? பேப்பர் திருத்துகிறவளுக்கு எங்கே பார்த்தாலும் தப்புதான் தெரியும். பழைய கோபம் உனக்கு. நேராகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அந்த மேடையில் கிட்டார் வைத்திருந்தது இரண்டே பேர். நான், அப்புறம் ரிதம் வாசித்த கதிர்வேல். அவன் வாசிப்பை விட்டுவிட்டு, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறானா? போய்க் கேள். ஜூன் முப்பதுக்குள் கம்பெனிக்கு நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

டேப் உன்னுடையதாக இருக்கலாம். பாட்டு என்னுடையது.

ஜீவானந்தம்


சேலம் 16
21 ஏப்ரல் 2025

திரு. ஜீவானந்தம் அவர்களுக்கு,

போகச் சொன்னீர்கள். போனேன்.

கதிர்வேலின் பட்டறை சங்ககிரி சாலையில் இருக்கிறது. மூன்று ரிக் வண்டிகளில் இரண்டு சத்தீஸ்கரில் இருக்கின்றன, ஒன்று பழுதுக்காக நிற்கிறது. அதன் அடியில் படுத்திருந்த ஆளிடம் ஏதோ அதட்டிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க உஷா. போர் போடோணுங்களா?”

“இல்லைங்க. ஒரு படம் காட்டணும்.”

மூல டேப்பை மடிக்கணினியில் ஓட்டினேன். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே பார்த்தார். முடிந்ததும் சிரித்தார்.

“இதுல என்னையக் காணமே?”

“நீங்க எங்க நின்னீங்க?”

“டிரம்ஸுக்கு இந்தப் பக்கமுங்க. இருந்த கொஞ்ச லைட்டும் அவரு மேலதான். ஆம்ப் பட்டுன்னு செத்துப் போச்சு. ஓட்டுடான்னு கையைக் காட்டுனாரு. ஓட்டுனேன்.”

“அதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“போர் போடறமுங்க. தண்ணி வந்தாத் தோட்டத்துக்காரரு பேருதானுங்க வருது? இந்த ரிக்குல போட்டதுன்னு யாரு சொல்றாங்க?” என்றார். அதோடு முடிந்தது என்று மடிக்கணினியை மூடினேன். அவர் முடிக்கவில்லை. “இப்பிடித்தான் பத்துப் பதினஞ்சு வருசமா எனக்கு நானே சொல்லிட்டுத் திரிஞ்சனுங்க. எம் மக சௌந்தர்யா இப்ப கிட்டார் பழகறா. உங்க படத்தைப் போட்டு, அந்தக் கையப் பார்த்துப் பார்த்து. வரமாட்டேங்குதுப்பான்னு அழுவாத கொறை. எப்பிடி வரும்? அது வேற பாட்டுக் கையி.”

“அவகிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனுங்க. அது நாந்தான் சாமி வாசிச்சதுன்னு. ‘சும்மா இருங்கப்பா, அதான் கை தெரியுதில்ல’ன்னுட்டா.”

கிளம்பும்போது அவராகச் சொன்னார்: “அவருகிட்டப் போயி நான் கேட்டதாச் சொல்லிராதீங்க. நான் கேக்க மாட்டேன். அவருக்காத் தோணுனாச் சரி.”

அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக மட்டும் நான் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. டேப்பும் அவரும் ஒன்றையே சொல்கிறார்கள். நீங்கள் மட்டும் வேறொன்றைச் சொல்கிறீர்கள். மூல டேப்பின் நகலைப் பென் டிரைவில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உஷாராணி


இளம்பிள்ளை
20 மே 2025

உஷா அம்மிணிக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. இதற்கு நடுவில் ஆறு கடிதம் எழுதினேன். எல்லாம் அலமாரியில் கிடக்கிறது.

நகலைப் பார்த்தேன். சத்தம் கேட்காததால் கண் வேறெங்கும் போகவில்லை. டார்ச்சுதான். ஃபியூஸ் போய்விட்டது. அந்த ஆம்பில் பின்பலகைக்கு நாலு திருகு, அதில் ஒன்று மழுங்கிப் போனது. அது கழலாமல் விரல் வழுக்கியது இப்போதுகூட ஞாபகம் இருக்கிறது. திருகு ஞாபகம் இருக்கிறது, வாசித்தது யார் என்பது மட்டும் ஞாபகம் இல்லை என்று சொன்னால் நீ நம்புவாயா?

முதல் ஒரு வருஷம் நன்றாகவே தெரியும். கேசட் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. பார்க்கிறவன் எல்லாம் அந்த சோலோவைத்தான் சொன்னான். அடுத்த மேடையில் அதையே கேட்டான். முதல் தடவை கேட்டபோது, “அது நானில்லைங்க, பின்னாடி நிக்கறவன்” என்று சொல்ல வாய் திறந்தேன். கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். வாய் மூடிக்கொண்டது. கேசட்டைப் போட்டு மூன்று வாரம் பழகினேன். கதிர்வேல் அதற்குள் ரிக் வேலைக்குப் போய்விட்டான். இருநூறு மேடை ஆனபோது விரலுக்கு அது என்னுடையதாகிவிட்டது. விரல் நம்பியதை நானும் நம்பிவிட்டேன்.

இதற்கு நடுவில் நீ அந்தச் சிறுபத்திரிகையில் எழுதினாய். ஜீவானந்தம் எல்லா ஊரிலும் ஒரே கச்சேரியை வாசித்துவிட்டு அதற்கு நேரடி வாசிப்பு என்று பெயர் வைக்கிறார், அத்தனை கச்சேரியிலும் உயிர் இருந்தது ஒரே ஓர் இடத்தில், அது அயோத்தியாப்பட்டணத்து ‘ஓமலூர் ஜங்ஷன்’ என்று. திட்டியது கூடப் பரவாயில்லை. பாராட்டினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு ஏற்காட்டில் மைக்கில் உன்னை நாலு பேர் சிரிக்கும்படி பேசியது அதற்காகத்தான். உனக்கு விஷயம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரியாமலே சரியாகச் சொல்லியிருந்தாய்.

இப்போது நிலைமையைச் சொல்கிறேன். காதுக்குள் எப்போதும் விசில். தறி ஓடுகிறதா நிற்கிறதா என்று தரையில் கால் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். என் பாட்டுகளை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன், பாதியில் அறுந்துவிடும். முதலிலிருந்து கடைசிவரை அறுபடாமல் உள்ளே ஓடுவது அந்த இரண்டு நிமிஷம் நாற்பது நொடி ஒன்றுதான். அதையும் அவனிடம் கொடுத்துவிட்டால் எனக்கு விசில் மட்டும்தான் மிச்சம்.

அறுபத்தெட்டு வயது. படத்தை இருக்கிறபடியே விட்டுவிடு. நான் போன பிறகு எழுதிக்கொள். நீ என்ன எழுதினாலும் அப்போது எனக்கு எட்டாது.

ஜீவா


சேலம் 16
2 ஜூன் 2025

ஜீவானந்தம் அவர்களுக்கு,

முடியாது.

இப்படி ஒற்றை வார்த்தையில் எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் வாய் மூடி இருந்தீர்கள். அவ்வளவுதான் என்றால் நான் இதில் தலையிட்டிருக்க மாட்டேன். மேடையில் இருந்தவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் ஓர் ஆள் தன் மகளிடம் உண்மையைச் சொல்கிறார், அவள் திரையைக் காட்டி அவரை வாயடைக்கிறாள். அந்தத் திரையில் இருப்பது நீங்கள் சொன்ன பொய் இல்லை. என் வெட்டு. இருபத்தைந்து வருடமாக மாணவர்களிடம் அளந்து பார்க்காமல் எதையும் எழுதாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் அளக்காமல் ஒட்டிய விரல்களை வைத்து புனேயில் ஒருவன் ட்யூனிங் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான். இதை வைத்துக்கொண்டு எனக்கு வகுப்புக்குள் நுழையவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

எனவே என் தரப்பு இது. ஒட்டிய கைகளை எடுத்துவிட்டு முதுகையே திரும்ப வைப்பதானால் டேப்பைத் தருகிறேன். கைகளோடுதான் வேண்டும் என்றால் தரமாட்டேன். யூடியூபில் இருப்பதற்குக் கீழேயும் நடந்ததை எழுதுவேன், என் பங்கை மட்டும். பெயர் போடுவது உங்கள் முடிவு. கதிர்வேல் கேட்கமாட்டேன் என்றார். நானும் அவருக்காகக் கேட்கவில்லை.

இன்னொன்று. நீங்கள் கேட்கச் சொன்னதால் எல்லா டேப்புகளையும் மறுபடி கேட்டேன். நான் அந்தப் பத்திரிகையில் எழுதியதில் பாதி தவறு. ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, கரூர் மூன்றிலும் கடைசிப் பாட்டு ஒன்றே என்று எழுதியிருந்தேன். ஸ்வரங்கள் ஒன்றுதான். ஆனால் தாளத்துக்கு நீங்கள் பின்தங்கும் அளவு ஒவ்வோர் ஊரிலும் வேறு. ராசிபுரத்தில் கிட்டத்தட்டக் கால் நொடி, விழுந்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது, விழவில்லை. அந்த வயதில் எனக்கு அது காதில் ஏறவில்லை. ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கணினியில் அளந்து பார்த்தேன்.

கம்பெனிக்கான கெடு இன்னும் இருபத்தெட்டு நாள்.

உஷாராணி


இளம்பிள்ளை
28 ஜூன் 2025

உஷா அம்மிணிக்கு,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மகுடஞ்சாவடி போய், அங்கிருந்து சங்ககிரி, அங்கிருந்து திருச்செங்கோடு. மூன்று பஸ். கண்டக்டர் சொன்னது காதில் விழாமல் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி வெயிலில் திரும்ப நடந்தேன். பாதி வழியில், ஊருக்கே போய்விடலாமா என்று ஒரு டீக்கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கதிர்வேல் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். “காது கேக்காதுடா” என்று கத்தினேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. போர் போட்ட பில் புத்தகத்தைத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தான். நான் கத்த, அவன் எழுத, ஒரு மணி நேரம். அந்த ஊரில் பாதிப் பேருக்கு இப்போது நம் கதை தெரியும்.

“நீதான்டா வாசிச்சே!” என்றேன்.

‘தெரியுமுங்க’ என்று எழுதினான்.

“ஏன்டா என்னைய வந்து ஒரு வார்த்தை கேக்கல?”

‘ஒரு தடவை வந்தேன். கரூர் கச்சேரிக்கு. கூட்டத்துல நின்னு கேட்டேன். என்னைய விட சுத்தமா வாசிச்சீங்க. அதான் திரும்பிப் போயிட்டேன்.’

அதை என்னிடம் காட்டிவிட்டு வேகமாகக் கோடு போட்டு அடித்தான். அடித்தாலும் படிக்க முடிந்தது. நான் அவன் ரிக் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ வந்தது. சௌந்தர்யா அந்த நேரத்தில் அவனுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் காலைத் தொட வந்துவிட்டாள். “இந்தக் காலு இல்ல சாமி, அந்தக் காலு” என்று அவள் அப்பனைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. அவளிடமும் கத்தித்தான் சொன்னேன். அவள் அப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வண்டிக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன்.

கம்பெனியில் சொன்னேன். கை இல்லாத சோலோவை யார் பார்ப்பார்கள், அந்தப் படத்தையே விட்டுவிடலாம் என்று பிரீத்தி எழுதினாள். அது இல்லாவிட்டால் ஆறு தட்டும் இல்லை என்று பதில் போட்டேன். நாலு நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். முதலில் வரவேண்டிய படம் கடைசியில் வரும். அட்டையில் சோலோவைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது. உள்ளே, ‘ஓமலூர் ஜங்ஷன்’ பக்கத்தில், தனி வாசிப்பு கதிர்வேல் என்று இருக்கும். ரகசிய ட்யூனிங் பையன்கள் என்னைத் திட்டப் போகிறார்கள். நல்லவேளை, கேட்காது. நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான். இல்லை. உள்ளே அதை ஓட்டினால் இப்போது பாதியில் நிற்கிறது. அடுத்த ஸ்வரத்துக்குப் போகுமுன் இது அவனா நானா என்று கேள்வி வந்துவிடுகிறது. அவனுடையதைக் கேட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது, நடுவில் என்னுடையது ஏறி உட்கார்ந்துவிட்டது. இனி காதால் கேட்க வழியில்லை.

ஓர் உதவி. முதுகைத் திரும்ப வைத்துவிடு. வைத்த பிறகு, நான் அப்படி நின்றுகொண்டிருந்தபோது என்ன வாசித்தான் என்று எழுது. அழகாக எழுத வேண்டாம். உனக்கு வராது. இருக்கிறபடி எழுது.

ஜீவா


சேலம் 16
9 ஜூலை 2025

ஜீவாண்ணாவுக்கு,

நேற்று ஒட்டிய கைகளை எடுத்தேன். இனி அந்த இடத்தில் வெட்டே இல்லை. இரண்டு நிமிடம் நாற்பது நொடி, ஒரே காட்சி. படத்தை ஓட்டிக்கொண்டே இதைப் படியுங்கள்.

முதல் நொடி. உங்கள் ஸ்வரம் பாதியில் அறுகிறது. ஆம்ப் இறந்துவிட்டது. நீங்கள் இடப்பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கேபிளை ஆட்டுகிறீர்கள். டிரம்ஸும் பேஸும் மட்டும் போய்க்கொண்டிருக்கின்றன.

ஐந்தாவது நொடி. இடப்பக்கத்திலிருந்து கிட்டார். நீங்கள் விட்ட அதே ஸ்வரத்தை எடுத்து முடித்துவைக்கிறார். சத்தம் போதவில்லை. வாசித்துக்கொண்டே கூட்டுகிறார்.

இருபத்திரண்டு. நீங்கள் டார்ச்சைக் கடிக்கிறீர்கள். அவர் மூன்றே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். உங்களுக்கு நேரம் கொடுக்கிறார் என்று நினைக்கிறேன். நீங்கள் சரி செய்துவிடுவீர்கள் என்று எதிர்பார்த்து ஓரமாக நிற்கிற ஆளின் வாசிப்பு.

நாற்பத்தெட்டு. நீங்கள் வருவதாகத் தெரியவில்லை. அவர் மேலே ஏறுகிறார்.

ஒரு நிமிடம் ஆறு நொடி. தவறான ஸ்வரம். தெளிவாகவே தவறு. அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதையே வேண்டுமென்று மறுபடி வாசிக்கிறார். இப்போது அது தவறாக இல்லை. கரூரிலும் கொல்கத்தாவிலும் இந்த இடத்தில் நீங்கள் சரியான ஸ்வரத்தை வாசிக்கிறீர்கள்.

ஒரு நிமிடம் முப்பத்திரண்டு. கம்பியை வளைத்து இழுத்துப் பிடிக்கிறார். விடவில்லை. அது தானாகவே தேய்ந்து போகிறது. பிறகு நான்கு எண்ணிக்கைக்கு எதுவும் இல்லை. மண்டபத்தின் பின்பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கிறது. நீங்கள் உங்கள் மேடைகளில் இந்த இடத்தை நிரப்பியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் இங்கே ஒன்றும் வாசிக்கவில்லை.

ஒரு நிமிடம் நாற்பது. திரும்ப வருகிறார், முன்பைவிட மெதுவாக. இங்கிருந்து நான் விவரிக்க முடியாது. மூன்று முறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். நான் அழுதேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அழவும் இல்லை. இரண்டு முறை நிறுத்தி, எழுந்து போய், திரும்ப வந்தேன்.

இரண்டு நிமிடம் ஐந்து. கூட்டம் கத்துகிறது. “ஜீவா! ஜீவா!” அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு நிமிடம் இருபது. ஆம்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. பலகையை அப்படியே விட்டுவிட்டு நீங்கள் நிமிர்கிறீர்கள். இடது கை கிட்டாரின் கழுத்துக்கு வந்துவிட்டது. வலது கை கம்பிகளுக்கு மேல் இருக்கிறது. இனி எப்போது வேண்டுமானாலும் நீங்கள் நுழையலாம்.

நுழையவில்லை. இரண்டு நிமிடம் இருபத்தாறில் இடப்பக்கம் திரும்புகிறீர்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பாதி முகம் தெரிகிறது. கையைத் தொங்கவிட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை பதினான்கு நொடி அப்படியே நின்று கேட்கிறீர்கள். பதினான்கு கச்சேரிகளிலும் நீங்கள் இன்னொருவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் காட்சி இது ஒன்றுதான். கைகளை ஒட்டியபோது இதையும் சேர்த்து வெட்டி எறிந்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்த பக்கத்தில் அவர் எப்படி நின்றார், முகம் எப்படி இருந்தது என்று சௌந்தர்யா போனில் கேட்டாள். தெரியாது என்றேன். கேமரா என் தோளில்தான் இருந்தது. நான் திருப்பவில்லை.

உஷா